பதினேழாம் நாள் யார் வருவார்? தற்கொலையில் உறவை இழந்தவர்கள் மனநலப் பணிக்கு வரும்போது கேட்கும் கேள்விகள்

திருச்சியில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை நாங்கள் சிலர் கூடுகிறோம். எல்லோருமே வீட்டில் ஒருவரைத் தற்கொலையில் இழந்தவர்கள். நான் தங்கையை இழந்தவள். பெயர்ப்பலகையோ பதிவு எண்ணோ கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் விடுமுறை நாளில் வகுப்பறையைத் திறந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களில் பலர் சில மாதத்திலேயே "நானும் ஏதாவது செய்யணும்" என்கிறார்கள். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்வியை எழுதி, எங்களுக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்தவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கே உயிரோடு இருக்கப் பிடிக்காத எண்ணம் இருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050.

1. என் பொண்ணு போய் எட்டு மாசம் ஆகுது. சும்மா உட்கார முடியல, ஏதாவது செய்யணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது?

உங்கள் ஊரிலேயே, இதே இடி விழுந்த இன்னொரு வீட்டிலிருந்து. தேடி அலைய வேண்டியிருக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையில் இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நாளொன்றுக்கு ஐம்பத்து நான்கு வீடுகள்.

நம் பக்கத்து வழக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீட்டில் ஆள் இருக்கும். பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரமும் நாற்காலியும் திரும்பிப் போன பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தற்கொலை என்றால் அந்தப் பதினாறு நாளும் சுருங்கிவிடும். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வருவதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். மூன்றாம் நாளோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. நீங்கள் போக வேண்டியது பதினேழாம் நாள். அப்புறம் முதல் தீபாவளி அன்று. தெருவே வெடி வெடித்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வாசல் மட்டும் கோலமில்லாமல் கிடக்கும். பண்டிகை இல்லாத வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

மேடை, பதாகை, டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஓடும் மாரத்தான் எல்லாம் பிறகு வரட்டும். வராமலே போனாலும் குறைவில்லை.

2. இப்பவே இறங்கலாமா, இல்ல கொஞ்ச நாள் போகட்டுமா? எனக்கு இன்னும் அழுகை நிக்கல.

அழுகை நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது நிற்காமலும் போகலாம். பார்க்க வேண்டியது வேறொன்று. இன்னொருவர் தன் மகனைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் மனம் அவருடைய மகனிடம் நிற்கிறதா, உங்கள் மகளிடம் ஓடிவிடுகிறதா? ஓடிவிடுகிறது என்றால் நீங்கள் இன்னும் பேச வேண்டியவர். பிறர் பேச்சைக் கேட்க உட்கார வேண்டியவர் அல்ல. இழப்பு நேர்ந்து ஓரிரு ஆண்டாவது போகட்டும் என்று பல உதவி அமைப்புகள் புதிய தொண்டர்களிடம் சொல்வது இதனால்தான். அதுவரை காதுக்கு வேலை கொடுக்காமல் கைக்கு வேலை கொடுங்கள். நாற்காலி எடுத்துப் போடலாம், மருத்துவமனைக்குத் துணையாகப் போகலாம், தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கலாம்.

ஆறு மாதத்துக்கு மேலாகியும் சமைக்க, குளிக்க, வேலைக்குப் போக முடியாமல், இறந்தவரைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் இருந்தால், அது சிகிச்சைக்குரிய நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கம் தனியாக இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் தன் பட்டியலில் சேர்த்தபோது பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வரையறுத்தது. ஆறா பன்னிரண்டா என்று நீங்கள் கணக்குப் போட வேண்டாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார். போய்ப் பாருங்கள்.

3. சேவை செஞ்சா துக்கம் ஆறிடும்ங்கறாங்களே, உண்மையா?

அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. சிலர் துக்கத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே ஓடி ஓடி உழைத்து, மூன்றாம் வருடம் ஒருநாள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். "அவ சாவுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும்ல" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எதுவும் செய்யாமல் வீட்டோடு இருப்பவர்களும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவர்கள் பாசத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

4. நான் டாக்டரும் இல்ல, கவுன்சிலரும் இல்ல. பத்தாவது படிச்சவ. என்னால என்ன பிரயோஜனம்?

இங்கிலாந்தில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1935இல், பணிக்குச் சேர்ந்த புதிதில், அவர் முதன்முதலாக நடத்திய இறுதிச் சடங்கு பதினான்கு வயதுப் பெண்ணுடையது. அவளுக்கு மாதவிலக்கு வந்திருக்கிறது. ஏதோ தீராத நோய் வந்துவிட்டதென்று நினைத்து உயிரை விட்டிருக்கிறாள். கேட்க ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1953இல் லண்டனில் ஒரு தேவாலயத்தின் அறையில் தொலைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார்.

கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கச் சாதாரண மனிதர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். சில மாதத்தில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார்: தேநீர் கொடுத்தவரிடமே பேசிவிட்டு, உள்ளே வந்து தன்னைப் பார்க்காமல் திரும்பிப் போகிறார்கள் பலர். 1954 தொடக்கத்தில், பேசுவதைக் கேட்கும் வேலையை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு பிறந்த கதை இது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகாவும் பயிற்சி பெற்ற தொண்டர்களை நம்பித்தான் நடக்கிறது.

"பயிற்சி பெற்ற" என்பதைக் கவனியுங்கள். நமக்கு நேர்ந்ததால் ஒருவர் பக்கத்தில் உட்காரும் தகுதி வரும். நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்தைக் கூட்டிக் குறைக்கவோ தகுதி வராது. "என் பையனும் அந்த மாத்திரைதான் சாப்பிட்டான், நிறுத்திடுங்க" என்று துக்கம் தாங்காமல் சொல்பவர்கள் உண்டு. அதைச் சொல்லவே கூடாது.

5. சரி, அந்த வீட்டுக்குப் போறேன். போய் என்ன பேசறது?

இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள். அந்த வீட்டில் அதை உரக்கச் சொல்ல எல்லோரும் பயந்துகொண்டிருப்பார்கள். "கார்த்தி என்ன படிச்சான், என்ன சாப்பிடுவான்" என்று கேளுங்கள். ஏன் செய்தான், கடைசியாக யாரிடம் பேசினான், லெட்டர் இருந்ததா என்று கேட்காதீர்கள். அதையெல்லாம் போலீஸ் கேட்டாயிற்று, பெரியப்பாவும் கேட்டாயிற்று. விதி, கர்மா, கோழைத்தனம் என்ற பேச்சு வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் "இனிமே நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சுமையை இருபது வருடம் கழித்தும் இறக்கிவைக்க முடியாதவர்களை எனக்குத் தெரியும்.

பேச்சைவிடக் காகிதம் உதவும் என்பது என் கட்சி. எங்களிடம் வந்த ஒரு பெண்மணி, கணவர் இறந்த பிறகு கிடைத்த தாள் அத்தனையையும் ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றில் திணித்து வைத்திருந்தார். ரேஷன் கார்டும் எஃப்.ஐ.ஆர். நகலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரேதப் பரிசோதனை அறிக்கையை யாரோ நாலாக மடித்து நகைக்கடை பர்ஸில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அலுவலகச் சன்னலிலும் "எப்படி இறந்தார்" என்று பின்னால் நிற்பவர்கள் காதில் விழும்படி கேட்டதால், ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிட்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஃபைலும், கூட வர ஒரு ஆளும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இறந்திருந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. அது வழக்கமான நடைமுறைதான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் குடும்பம் பதறாது. தற்கொலை என்றால் காப்பீட்டுப் பணமே வராது என்று பலர் பாலிசியை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். ஆயுள் காப்பீட்டில் அந்த விலக்கு பொதுவாக முதல் 12 மாதத்துக்குத்தான். பாலிசியை எடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. ஒருத்தர்கிட்ட சந்தேகமா இருந்தா, "சாகணும்னு நினைக்கிறியா"ன்னு நேரடியா கேட்டுட்டா, நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். "அப்படி எதுவும் நினைச்சிடலையே?" என்று இல்லை என்ற பதிலை நீங்களே வாயில் வைத்துக் கேட்காதீர்கள். "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள்.

ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்துங்கள். 14416ஐ அவர் பக்கத்தில் இருந்தபடியே அழையுங்கள். நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் சேவை அது. 104இலும் பேசலாம். ரகசியமாக வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள்.

7. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து வீட்லயே வச்சிருந்தாங்க எங்க பக்கத்து வீட்ல. இதுக்கு என்ன சொல்றது?

சட்டம் மாறிவிட்டது என்று சொல்லுங்கள், உரக்கவே சொல்லுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும். 2018 மே 29 முதல் இது அமலில் இருக்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கும் மிரட்டலாகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது.

மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும், ஒரு காவலர் வந்து வாக்குமூலம் வாங்கலாம். அதைப் பார்த்துத்தான் "கேஸ்" என்று பயப்படுகிறார்கள். அது தண்டனைக்கான வழக்கு இல்லை. முதலில் 108, மற்றதெல்லாம் பிறகு.

8. வெளியில நாங்க மாரடைப்புன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும். நான் மட்டும் எப்படி மேடை ஏறிப் பேசறது?

ஏற வேண்டாம். இறந்தவரைப் பற்றிய கதை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மாவுக்கு, தங்கைக்கு, தாத்தா பாட்டிக்கு எல்லாம் அதில் பங்கு இருக்கிறது. அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் பொதுவெளியில் பேசாதீர்கள். பேசுபவர் தைரியசாலி, பேசாதவர் பயந்தாங்கொள்ளி என்று ஒரு பேச்சு இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றாவது, ஐந்தாவது பதில்களில் சொன்ன வேலைகளில் எதற்கும் உங்கள் கதை வெளியே வர வேண்டிய அவசியம் இல்லை. பதினேழாம் நாள் போகிற வீட்டில் "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்ற ஒரு வரி போதும்.

வெளியில் என்ன சொன்னாலும் வீட்டுக்குள் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். எப்படியும் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். அப்பா எப்படி இறந்தார் என்பதை வகுப்புத் தோழன் வாயால் தெரிந்துகொள்ளும் பிள்ளை, அப்புறம் வீட்டில் எதையும் கேட்பதில்லை.

9. காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க, வீட்லயும் சம்மதம். அவன் எழுதி வச்ச லெட்டரைப் படிச்சா எல்லார் மனசையும் தொடும்ல?

தொடும். அதுதான் ஆபத்து. அரங்கில் முந்நூறு பேர் இருந்தால், அவர்களில் ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர் சிலராவது இருப்பார்கள். அவர் காதில் விழுவது உங்கள் வேதனை இல்லை. செத்தால் இத்தனை பேர் அழுவார்கள், என் கடிதத்தையும் இப்படிப் படிப்பார்கள் என்பதுதான் விழும். கடிதம் வேண்டாம். எந்த முறையில், எந்த இடத்தில் என்பதும் வேண்டாம். மாலை போட்ட பெரிய படமும் வேண்டாம். ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்கவும் வேண்டாம். "அரியர் வச்சான், போயிட்டான்" என்றால் அரியர் வைத்த அத்தனை பேருக்கும் அது ஒரு வழியாகத் தெரியும். பத்திரிகைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும், அதை ஒட்டி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் ஏற்றுக்கொண்டதும் இவைதான். மேடையில் பேசுகிறவர்களுக்கும் பொருந்தும்.

வேறென்ன பேசுவது என்றால், வீட்டில் எந்த மாற்றத்தைப் பார்த்தோம், யாரிடம் போயிருக்கலாம், எங்கே உதவி கிடைக்கிறது என்று பேசுங்கள். முயன்று பிழைத்து இன்று நன்றாக இருப்பவர் ஒருவர் சம்மதித்து உங்களோடு வந்தால் இன்னும் நல்லது. கூட்டம் முடிந்ததும் காரில் ஏறிவிடாதீர்கள். மாணவர்கள் கேள்வி நேரத்தில் கேட்பதில்லை, நீங்கள் செருப்பு மாட்டும்போதுதான் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அந்த நேரத்துக்காகப் பயிற்சி பெற்ற ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அதற்குக் கல்லூரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அழைப்பை மறுத்துவிடலாம்.

10. என் பையன் சாவுக்குக் காலேஜ் டார்ச்சர்தான் காரணம். நான் போய் மனநலம், டிப்ரஷன்னு பேசினா, "பாருங்க, அவனுக்கு மனசு சரியில்ல"ன்னு அவங்க தப்பிச்சுக்குவாங்களே?

எங்களிடம் வந்த கேள்விகளில் நியாயமானது இது. தப்பித்துக்கொள்வார்கள், நீங்கள் அனுமதித்தால். மனநலப் பேச்சு மொத்தத்தையும் தனி ஆளின் மூளைக்குள் அடைத்துவிட்டால் ராகிங், சாதி, கடன், தேர்வு முறை எதற்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் ஹைதராபாத்தில் தற்கொலையில் இறந்த ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும், 2019இல் மும்பையில் அப்படியே இறந்த இளம் மருத்துவர் பாயல் தட்வியின் தாய் ஆபிதா தட்வியும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது கவுன்சிலிங் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குச் சேர்ந்த 17 வயது மகளை இழந்த ஒரு தந்தை, விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 ஜூலை 25இல் வந்த தீர்ப்பு அதை ஏற்றதோடு, நாடு முழுவதுக்கும் 15 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. உங்கள் ஊர் பயிற்சி மையத்தில் அந்த ஆள் இருக்கிறாரா என்று போய்க் கேட்பதே ஒரு பணிதான்.

ஏற்பாடுகளை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கையில் 1995 வாக்கில் லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் தற்கொலை இருந்தது. நச்சுத்தன்மை மிகுந்த பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. நம் மாநிலத்தில் பொதுத்தேர்வில் தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதி மேலே படிக்கலாம் என்று வந்ததே, அது ஸ்நேகா போன்றவர்கள் விடாமல் வலியுறுத்தியவற்றில் ஒன்று.

வழக்கு ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நடக்கும்போது மேடையில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள். ஒன்பதாவது பதிலில் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் உண்டு: அவன் செத்ததால்தான் நியாயம் கிடைத்தது என்று மாணவர்கள் புரிந்துகொள்ளும்படி பேசாதீர்கள்.

11. அவ பேர்ல ஒரு ட்ரஸ்ட் ஆரம்பிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவது சுலபம். சங்கமாகப் பதிய தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் வேண்டும். அதற்குப் பிறகு வருடா வருடம் தணிக்கை, வரிக் கணக்கு, நன்கொடையாளருக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் 80ஜி என்று நீளும். இரண்டு வருடம் வேலை நடந்து, ஆட்களும் நிலைத்து, பணம் கையாள வேண்டிய கட்டாயம் வந்த பிறகு பதியுங்கள். அதுவரை யாரிடமும் உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள். அதிலிருந்துதான் பேச்சு கிளம்பும்.

பெயர் வைப்பது பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. என் விருப்பம்: பெயர் படத்தோடு நிற்காமல், பிள்ளைகள் வந்துபோகும் ஒரு இடத்தில் இருக்கட்டும். அரியலூர் மாவட்டம் குழுமூரில் மாணவி அனிதாவின் பெயரில் ஒரு நூலகம் இருப்பதை இதற்கு உதாரணமாகச் சொல்வேன்.

12. எங்க வீட்ல யாரும் சாகல. அண்ணனுக்கு இருபது வருஷமா மனச்சிதைவு. இருந்தும் இல்லாத மாதிரி. நான் உங்க கூட்டத்துக்கு வரலாமா?

வாருங்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது வேறு. எங்கள் துக்கம் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது. உங்களுடையது தினமும் காலை மாத்திரையோடு தொடங்குகிறது. அதே நிலையில் இருக்கும் குடும்பங்களோடு சேர்ந்தால் கூடுதல் பயன். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவுக்கென்றே இயங்குகிறது, குடும்பத்தாரையும் சேர்த்துப் பார்க்கிறது. தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக 1993இல் தொடங்கப்பட்ட பேனியனும் இருக்கிறது.

சொந்தக்காரர்கள் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போகச் சொல்வார்கள். போகட்டும், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போகட்டும். சங்கிலி மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவில் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். உங்களைப் போன்றவர்கள் வாய் திறந்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

13. நான் யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன். என்ர அண்ணா 2009இல காணாமல் போனவர். இருக்கிறாரோ இல்லையோ எண்டே தெரியாது. நீங்கள் சொல்லுறது எங்களுக்குப் பொருந்துமோ?

பாதிதான் பொருந்தும். எங்களுக்கு நாள் தெரியும், திவசம் கொடுக்கிறோம். உங்களுக்கு அதுவும் இல்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த, பிள்ளைகள் காணாமல் போன தாய்மாருக்கு முதலில் தேவை பதில்; ஆறுதல் அதற்குப் பிறகுதான். அவர்களிடம் போய் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று எந்த ஆலோசகரும் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்துக்கு 2016இல் அங்கே சட்டத்தில் வழி செய்தார்கள். அதை வாங்குவதா வேண்டாமா என்பது குடும்பம் முடிவு செய்ய வேண்டியது.

பக்கத்தில் இருக்கும் உதவி: யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் உளவள ஆலோசனை அமைப்பான சாந்திகம், 1974இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சுமித்ராயோ, இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926.

14. நான் ஆறு மாசமா பேசிட்டிருந்த பொண்ணு போன வாரம் இறந்துட்டா. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டிருக்கா, நான் தூங்கிட்டேன்.

இது நடக்கும். நீண்ட நாள் இந்த வேலையில் இருக்கிற மருத்துவர்களுக்கும் நடந்திருக்கிறது. அந்த ஒரு அழைப்பை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இப்போது நீங்கள் மறுபடியும் உறவை இழந்தவர். இரண்டாவது பதிலை உங்களுக்காகவே ஒருமுறை படியுங்கள். சில மாதத்துக்கு யார் பேச்சையும் கேட்க உட்காராதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்து "எப்ப வேணா கூப்பிடு" என்று சொல்லாதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. "இரவு ஒன்பது வரை நான், அதற்குப் பிறகு 14416" என்று முதல் நாளே சொல்லி, அந்த எண்ணை அவர் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். உதவி மையங்களில் ஒரே ஆள் இரவெல்லாம் உட்காராமல் முறை வைத்து மாற்றுவது இதற்குத்தான்.

15. நாலஞ்சு வருஷம் ஆச்சு. அலுத்துப் போச்சு. விட்டுட்டா அவனை மறந்த மாதிரி ஆயிடுமோ?

மூன்றாவது பதிலில் சொன்னதுதான், திருப்பிப் போட்டால் இங்கேயும் பொருந்தும். விட்டுவிடலாம். அவன் நினைவுக்கு இந்த வேலைதான் வாடகை என்று யாரும் நிர்ணயிக்கவில்லை. நீங்கள் போய்வந்துகொண்டிருக்கும் வீடுகளில் மட்டும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒருவர் திடீரென்று வராமல் போவது என்றால் என்னவென்று அந்த வீடுகளுக்குத் தெரியும். அடுத்து வரப்போகிறவரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நேரில் போய், இனி இவர் வருவார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சாவி, நோட்டு, வாட்ஸாப் குழு எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு தோன்றும்போது கூட்டத்துக்கு வெறுமனே வந்து உட்காரலாம். அப்படிச் சிலர் வருகிறார்கள். அவர்களிடம் நாங்கள் எந்த வேலையும் சொல்வதில்லை.